மஹ்ரூப் ஹாஜியாரின் பேசாத செட்

மூடியைக் கழற்றியதுமே ஷிபானுக்குப் பாதி ஜெயித்துவிட்டது போலிருந்தது.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு முன்னால் பலகாரத் தட்டை வைப்பதுதான் வழக்கம். மஹ்ரூப் ஹாஜியார் ஒரு பழைய வால்வு ரேடியோ செட்டைத் தூக்கி வைத்தார்.

பூனாகலையில் ஒரு தேயிலைத் தோட்டத் துரை பங்களாவிலிருந்து வாங்கிய செட். கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். சில மாதங்களாகக் கேட்பது மட்டும் சரி, பேசத்தான் மாட்டேன் என்கிறது.

இதைப் பேச வைப்பவனுக்குத்தான் மகள் என்று ஹாஜியார் பதுளை டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரு செட்டில் பிழை தேடப் பொறுமையில்லாதவன் ஒரு பெண்ணோடு எப்படிக் குடும்பம் நடத்துவான் என்பது அவருடைய நியாயம். ஹார்ட்வெயார் கடைக்காரருக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம் பிடித்தால் நியாயமும் இப்படித்தான் இருக்கும்.

ஷிபானுக்கு முன்னால் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவருக்கு ஷாக் அடித்தது. அடுத்தவர் எல்லா வால்வுகளையும் மாற்றச் சொன்னார். மூன்றாமவர், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே என்றார். அவருக்குத் தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

ஷிபான் அந்த ரகமில்லை. பண்டாரவளையில் அவனுடைய ரிப்பெயார் கடைக்கு வந்து சரிவராமல் திரும்பிய செட் கிடையாது. முடியவில்லை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாம் அவனுடைய உம்மா பலீலா உள்ளறைப் பெண்களிடம் வந்த நேரத்திலிருந்தே அளந்துகொண்டிருந்தார். கூடம் வரை கேட்டது.

இதற்கெல்லாம் மேலாக, அவனுக்கு இந்த வீட்டுப் பெண்தான் வேண்டும். வேறு யாரும் வேண்டாம்.

றுஷ்தாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய குரலைக் கேட்டவன் அவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அமெச்சூர்காரர்கள் ரேடியோவில் கூடிப் பேசுவதை வேலை செய்தபடியே கேட்பான். லைசென்ஸ் பரீட்சை இன்னும் எழுதாததால் அவன் கேட்கலாம், பேசக்கூடாது. போன வருடம் ஒரு நாள் கொழும்புப் பெரிய மனிதர் ஒருவர் ஆண்டெனா கட்டுவதைப் பற்றி எல்லோருக்கும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பதுளையிலிருந்து ஒரு பெண் குரல் குறுக்கிட்டு, அந்த நீளத்தில் கம்பி இழுத்தால் துணி காயப்போடத்தான் உதவும் என்று மிக மரியாதையாகச் சொன்னது.

பெரிய மனிதர் அவசரமாக வகுப்பை முடித்துக்கொண்டார்.

ஷிபானின் சோல்டரிங் அயர்ன் மேசையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

இப்போது அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி கதவோரம் நிற்கிறாள். மாப்பிள்ளையை அவள் பார்க்கவில்லை. செட்டையும் அதற்குள் போய்வரும் அவனுடைய கைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செட்டைப் போட்டான். வால்வுகள் சிவந்தன. மைக்கின் பொத்தானை அழுத்தினான். செட்டைக் கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற்றிவிடும் ரிலே உள்ளே டக்கென்று மாறியது. மீட்டரின் முனையை வைத்து, மின்சாரம் போகும் பாதையில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தான்.

மின்சாரம் ரிலே வரைக்கும் வந்தது. அதைத் தாண்டிப் போகவில்லை.

இவ்வளவுதானா! அவனுக்குச் சிரிப்பு வந்தது. செட்டை அணைத்து, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, ஃபோன் டார்ச்சை ரிலேக்கு நேராகப் பிடித்தான்.

ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு செலோ டேப்.

அதைப் பிடித்து இழுக்கச் சாமணத்தை எடுத்துக் கிட்டே கொண்டுபோனான். கை அப்படியே நின்றுவிட்டது.

டேப் புத்தம் புதியது. அரிசியளவு துண்டை ஓரம் பிசிறாமல் வெட்டி ஒட்டியிருந்தார்கள். செட் கேட்பதற்குத் தடையில்லை, ஒரு வால்வுக்கும் ஆபத்தில்லை, பேச்சு மட்டும் நிற்கும். செட்டின் உள்ளும் புறமும் தெரிந்த, அதன்மேல் பாசமும் உள்ள ஒருவர் செய்த வேலை. ஹாஜியாராக இருக்க முடியாது. செட் பேசாத கவலையில் அவர் மெலிந்தே போயிருந்தார். இப்போதும் அவனுடைய தோளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் இதைச் செய்யத் தெரிந்த இன்னோர் ஆள் ஒருத்திதான்.

பழைய பிழையை அவளே எப்போதோ தேடிப்பிடித்துச் சரிசெய்துவிட்டு, வருகிற எவனும் ஜெயிக்கக்கூடாது என்று இதை ஒட்டியிருக்கிறாள். பந்தயம் கட்டும்போது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் கிடைத்தது இந்த டேப் துண்டு மட்டும்தான்.

இழுத்தால் ஒரு நொடி வேலை. ஹாஜியார் சொன்ன சொல் மாறாதவர். பெண் அவனுக்குத்தான்.

இவ்வளவு ஆசைப்பட்ட எதையும் அவன் இதுவரை கைவிட்டதில்லை. ஆனாலும் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

சாமணத்தைப் பெட்டிக்குள் போட்டான். மூடியை வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினான்.

“இதுட பிழைய என்னால கண்டுபுடிக்க ஏலாம இருக்கு, ஹாஜியார்.”

உள்ளறையில் உம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. ஹாஜியாரின் முகம் விழுந்துவிட்டது. மனிதர் இவனைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

ஷிபான் குனிந்தபடியே கருவிகளை அடுக்கினான். நிமிர்ந்தால் அவளுடைய முகத்தில் நிம்மதி தெரியும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படும் அளவுக்கு அவனொன்றும் பெரிய மனிதன் இல்லை.

செட்டின் மேல் ஒரு கை வந்து பதிந்தது.

டார்ச் வெளிச்சம் எங்கே போய் நின்றது, சாமணம் எங்கே போய்த் திரும்பியது என்பதையெல்லாம் கதவோரத்திலிருந்தே பார்த்திருந்தவள், முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

“வாப்பா, அவருக்கு இன்னொருக்கா தொறந்து பாக்கச் சொல்லுங்க.”