நாற்றங்காலில் ஒற்றைக்கால்

வலங்கைமான் பக்கம் செங்கால் நாரையைப் பார்த்தேன் என்று மலர்க்கொடி சொன்னதற்கு, அதெல்லாம் இந்தப் பக்கம் வராது என்று பறவை பார்க்கும் குழுவில் ஒருத்தர் விடாமல் சிரித்தார்கள். படத்தைக் காட்டாமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். லீவு நாளெல்லாம் வரப்பே கதியென்று கிடந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோவிந்தராசு என்பவரின் நாற்றங்காலுக்கு நடுவே அது ஒற்றைக்காலில் நின்றது. லென்ஸில் சிவந்த காலும் அலகும் பளிச்சென்று தெரிந்தன. ஆசை தீர எடுத்துவிட்டுக் கேமராவில் பார்த்தாள். எல்லாப் படத்திலும் ஒரு குச்சியும் அதில் கட்டிய வெள்ளை யூரியா சாக்கும்தான். நிமிர்ந்தால், வயலிலும் அதுவேதான் நின்றது.

மடை திறக்க வந்த கோவிந்தராசு, "கொக்கு மிதிக்காம இருக்க நான்தாம்மா நேத்து நட்டேன். வெத பாவியிருக்கு, எறங்கிடாதீங்க" என்றார்.

"பாத்திக்கு நடுவுல நடக்க எடம் விட்டிருக்கீங்கல்லண்ணே, அதுலயே போறேன்" என்று இறங்கிவிட்டாள்.

சேறு சில்லென்றிருந்தது. நாரையின் கால்தடம் எதிர்வரப்பிலிருந்து வரிசையாக வந்து குச்சியடியில் முடிந்திருந்தது. பனியில் நனைந்த சாக்கு அசையாமல் தொங்கியது.

பிடுங்கிப் பார்த்துவிடுவதென்று குச்சியை இறுகப் பிடித்தாள். கதகதப்பாக இருந்தது. குச்சிக்குள் நாடி துடித்தது.

மலர்க்கொடி பிடியை விடவில்லை. மறுகையால் கேமராவைத் தூக்கினாள்.