ஒன்பதரை டூ பத்தரை

"ஃபோன் கிட்ட யாரும் வராதீங்க!"

தமிழ்செல்வி டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரமாகப் போகிறது. பார்வை பாதி ஃபோனில், பாதி சுவர்க் கடிகாரத்தில்.

அவள் புருஷன் வேணுவுக்கோ வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்து மாளவில்லை. கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் ஒன்பதரை டூ பத்தரை. அதற்கப்புறம் ராகு காலம்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள் தும்மினால்கூட சகுனம் பார்க்கிறவர். நல்ல சேதியை வீட்டு நம்பருக்குத்தான் சொல்வாராம். செல்லுக்கு அடித்தால் ஆள் எந்த இடத்தில் நின்று எடுப்பாரோ என்று பயம்! நல்லவேளை, போன மாசம் பழைய லைனை எடுத்துவிட்டு நெட்டில் ஓடுகிற ஃபோன் மாட்டியபோதும் நம்பர் மாறவில்லை.

"நாமளே ஒரு வாட்டி அடிச்சுக் கேட்டா என்னா?" என்றார் வேணு.

"பொண்ணு வீட்டுக்காரங்க அலையறாங்கன்னு நினைக்க மாட்டாங்க?"

"லைன் இருக்குதான்னு எடுத்தாவது பாக்கறேன்."

"எடுக்காதீங்க! அந்த நேரம் பாத்து அவங்க அடிச்சா பிஸின்னு வரும். அதுவும் தடங்கல்தான்."

அதுவும் நியாயம்தான். வேணு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "இது மட்டும் முடியட்டும், வர்ற பௌர்ணமிக்கே சுத்தி வரேம்பா."

உள்ளேயிருந்து மகள் கவியா வந்தாள். நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கல்யாணமானால் படிப்பு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"ஒரு வருஷம்தான்பா பாக்கி..."

"படிப்பு எங்கயும் ஓடிடாது. இந்த மாதிரி இடம் திரும்ப வருமா?"

"நோட்ஸ் எடுக்கணும், வைஃபையும் வரல."

"இன்னிக்கு ஒரு நாள் நெட்டு இல்லன்னா செத்துட மாட்ட. உள்ள போ!"

தமிழ்செல்வி மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்து இருவது" என்றாள். புடவைத் தலைப்பை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். "பத்து இருவத்தஞ்சு" என்றாள்.

பத்தரையும் ஆனது. ஃபோன் அடிக்கவில்லை.

ஐந்து நிமிஷம் கழித்து வேணுவின் செல் அடித்தது. தரகர் மண்ணாங்கட்டிதான் பேசினார்.

"என்னாங்க இது? அந்தம்மா அஞ்சு வாட்டி அடிச்சும் மணியே போகலையாம். மொத சேதிக்கே தடங்கல், இந்த சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. நான் எவ்ளோ சொல்லிப் பாத்தேன், கேக்கல!"

வேணு பாய்ந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மோடத்தில் ஒரு லைட்டும் எரியவில்லை. பிளக் கீழே கிடந்தது. 'இந்தப் பெட்டிக்கு கரண்ட் இருந்தாத்தான் ஃபோனும் பேசும், வைஃபையும் வரும்' என்று மாட்ட வந்தவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"கவியா! புடுங்கிப் போட்டுட்டு, வைஃபை வரலன்னு நாடகமா ஆடற?" கையை ஓங்கிக்கொண்டு போனார்.

தமிழ்செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"அவ மேல கை வைக்காதீங்க. ஒன்பதே காலுக்கே புடுங்கினது நான்."