ஏ/பி மோரிஸ்

மலேசியாவின் குருண் ஊர்ப் பள்ளியின் புதுக் கணினி அறையில், பெயரை அடித்தால் உள்ளே நுழையக் கால் மணி நேரமானது. மோரிஸ் வாத்தியார் கேபிளை மாற்றினார், டிஸ்கை மாற்றினார், கடுப்புதான் மிச்சம்.

"பொம்பளப் பிள்ளைங்க பேரோட 'ஏ/பி ராமையா'ன்னு அப்பா பேரையும் அடிக்குதுங்க சார். அந்தக் கோட்டுலதான் மாட்டிக்குது லா," என்றார் கேதரின் டீச்சர்.

இன்னாரின் மகள் என்று சொல்லும் அந்த 'ஏ/பி'யை மோரிஸ் எல்லாப் பெயரிலிருந்தும் அழித்தார். வேகம் வரவில்லை. யாரோ ஒருவர் உள்ளே நுழைய முடியாமல் பாதியில் நிற்பதாகத் திரை சொன்னது.

"எந்தச் சனியன் அது," என்று முனகியபடி பெயரை வரவழைத்தார்.

'ஏ/பி மோரிஸ்' என்று வந்தது. முன்னால் பெயர் இல்லை.

ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பதற்குள் இறந்துபோன அவர் மகள், இருந்திருந்தால் இந்த வருடம்தான் இங்கே சேர்ந்திருப்பாள்.

காலியாக இருந்த இடத்தில் கர்சர் மின்னி மின்னிக் காத்திருந்தது.