தட்டிப் பார்க்காத பானை

பானையை எடுத்தவன் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. விலையும் கேட்கவில்லை. வாய் குறுகிய தண்ணீர்ப் பானை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, "இதக் குடுங்கக்கா" என்றான்.

சட்டிக்காரி சுதர்சினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெறும் மூடி வாங்க வருகிறவர்கள்கூட விரலை மடக்கி நாலு தட்டுத் தட்டி, காதோடு வைத்துக் கேட்டு, பிறகு விலையைப் பாதியாக்கச் சொல்லி அவள் உயிரை எடுப்பார்கள். தட்டாமல், பேரம் பேசாமல் பானை வாங்குகிறவர்கள் சாவு வீட்டுக்காரர்கள்தான்.

அவன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். வெள்ளைத் துணியும் சூடமும் ஊதுபத்திக் கட்டும் மேலாகவே தெரிந்தன.

"கொள்ளிக்குடத்துக்கா தம்பி?"

"ஆமாங்கக்கா. நான் ஆட்டோக்காரன். சாமானெல்லாம் வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாங்க."

எந்தத் தோட்டம், யார் வீடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சாவே வந்து தான் கடை விரித்த சாக்கில் உட்கார்ந்துகொள்ளும் போலிருந்தது. பொங்கலுக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை, கட்டுகஸ்தோட்டைச் சந்தையே ஜேஜே என்று இருக்கிறது, அவளுக்கு இன்னும் முதல் வியாபாரம் ஆகவில்லை. சாவுப் பானையில் போணி பண்ணினால் விற்றவள் வீட்டுக்கே சாவு திரும்பி வரும் என்று சட்டிக்காரர்களுக்குள் ஒரு பயம். அவள் வீட்டில் இருப்பது புருஷன் ரவிகுமார் ஒருவன்தான்.

"இன்னும் போணி ஆகல தம்பி. ஆத்துப் பக்கம் போங்க. அங்க வரிசையா சட்டிக் கடைதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அங்க மட்டும் நான் போகக் கூடாதுங்கக்கா."

எதற்காம்? அங்கே யாரையாவது அடித்துவிட்டு வந்தவனோ, பொலிஸ் தேடுகிற ஆளோ! சிவந்த கண்ணும் மழிக்காத முகமுமாக அவன் நின்ற நிலையும் நல்லதாகப் படவில்லை.

"அப்ப வேற யாராச்சும் வாங்கட்டும். அதுக்குப் பொறகு தர்றேன்."

"சரிக்கா. நிக்கிறேன்."

நின்றான். பஸ் தரிப்பிடத்துச் சுவரோரம், தூறலில் நனைந்தபடி, அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பையைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் பொங்கல் பானையைக் கீழே வைத்துவிட்டு நடந்தது. சுதர்சினிக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் அந்த மனுஷனால் வந்த வினை என்று புருஷன் மேல் கோபம் திரும்பியது. வழக்கமாக அவளும் ஆற்றுப் பக்கத்து வரிசையில்தான் கடை போடுவாள். காலையில் அவன் தோள்பட்டை குத்துகிறது, சுமை தூக்க முடியாது என்று பாயை விட்டு எழும்பவே இல்லை. "பொங்கல் யாவாரம்னா மட்டும் ஒங்களுக்கு நோவு வந்துரும்" என்று கத்திவிட்டுத் தனியாகச் சுமந்து வந்து சேர்வதற்குள் இடம் பறிபோய்விட்டது. கூப்பிட்டுக் கெஞ்சுவான் என்று போனையும் அணைத்து வைத்திருந்தாள். நன்றாகக் கெஞ்சட்டும்.

ஒருவழியாக முக்காடு போட்ட ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு குனிந்தாள். "வாற மாசம் நோம்புக் கஞ்சிக்கு ஒரு சட்டி வேணும் தங்கச்சி. அடுப்புல வெச்சா வெடிக்காதுதானே?"

"கையால வனைஞ்சு சூளையில சுட்டது. தட்டிப் பாருங்களேன்!"

அவள் ஒன்றுவிடாமல் தட்டினாள். விலையை அடிமட்டத்துக்கு இறக்கினாள். வேறு நாளாக இருந்தால் சுதர்சினி சண்டைக்குப் போயிருப்பாள். இன்று கேட்ட விலைக்கே கொடுத்து, வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"வாங்க தம்பி" என்று அவனைக் கூப்பிட்டாள். இப்போது அவன் மேல் இரக்கமாகவே இருந்தது. பாவம், எந்த வீட்டுப் பிணம் இந்தப் பானைக்காகக் காத்துக் கிடக்கிறதோ. வைக்கோல் சுற்றி, கயிறு கட்டி, அவன் கையில் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் ரவிகுமாருக்குத் தோளில் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. எனக்கும் வீடு வாசல் இருக்கில்ல. அந்தப் பயத்துலதான் நிக்க வச்சிட்டேன்."

"பரவாயில்லங்கக்கா." அவன் பானையைச் சட்டென்று தன் மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொரு ஒதவிக்கா. அந்தப் பக்கம் சட்டி விக்கிற சுதர்சினின்னு ஒருத்தங்களக் கையோட கூட்டிட்டுப் போகணும். யாருன்னு தூரத்துல இருந்தே காட்டுங்க, புருஷன் செத்தது அவங்களுக்கு இன்னும் தெரியாது."