இரண்டாவது கல்

சந்து சந்தாகச் சுற்றி ஓடும் கணினி விளையாட்டு ஒன்றுக்குள் செம்பன் என்ற காளை இருந்தது. ஆட வருபவர்களைத் துரத்துவதுதான் அதன் வேலை. வந்த புதிதில் அந்த விளையாட்டை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் கூச்சலும் சிரிப்பும்தான். பிறகு புதிதாக வேறொன்று வந்தது. கூட்டம் அங்கே போய்விட்டது.

வெகுநாள் கழித்து மஞ்சள் தொப்பிக்காரன் ஒருவன் மட்டும் வந்தான். துரத்த ஆள் கிடைத்த சந்தோஷத்தில் செம்பன் கடைசிக் கதவுவரை துரத்திக்கொண்டு போனது. இரண்டு பேர் ஆளுக்கொரு கல்லில் ஏறி நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும். அவன் ஒரு கல்லில் ஏறி, துணைக்கு யாராவது வரமாட்டார்களா என்று வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். செம்பனுக்கு முட்ட மனம் வரவில்லை. மெல்ல மற்றக் கல்லில் கால் வைக்கப் போனது.

"அவன் வெளியே போய்விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றது கதவு.

"தெரியும். நீ திற," என்று சொல்லிக் கல்லில் ஏறி நின்றது செம்பன்.

கதவு திறந்தது. தொப்பிக்காரன் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். கதவு மூடிக்கொண்டது.

"இறங்கேன், அவன்தான் போய்விட்டானே," என்றது கதவு.

"இருக்கட்டும். அடுத்து வருபவரும் தனியாக வரலாம்," என்றது செம்பன்.