வெளியாள் தொடக் கூடாது

ரயில் போய்க் கால் மணி நேரமாகியும் ரயில்வே கேட் திறக்கவில்லை. காரிலிருந்து இறங்கிய கோட்டுக்காரர், கேட்டடியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பாய்ந்தார்.

“கேட் கீப்பர் நீதானே? திறம்மா! மேடையில எனக்காகக் காத்துட்டிருக்காங்க. நான் யாருன்னு தெரியுமா?”

“யாரா இருந்தாலும் திறக்க முடியாதுங்க.”

“ஏன், இன்னொரு வண்டி வருதா?”

“இல்லீங்க.”

“கேட் ரிப்பேரா?”

“கேட் நல்லாத்தான் இருக்கு. என் வேலைதான் போயிடுச்சு. இன்னிக்கு மதியத்தோட இந்த கேட்டுக்கு ஆள் கிடையாதுன்னு உத்தரவு. மூடும்போது நான் கேட் கீப்பர். வண்டி போறதுக்குள்ள மணி பன்னிரண்டு அடிச்சிடுச்சு, இப்ப நான் வெளியாள். வெளியாள் கேட்டைத் தொட்டா ஜெயில்னு அதோ போர்டே வெச்சிருக்காங்க, பாருங்க.”

“அப்ப யார்தான் திறப்பாங்க?”

“அதை உத்தரவுல சொல்லலீங்களே!”

கோட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எந்த மடையன் இப்படி ஒரு உத்தரவு போட்டான்?”

“பேர் தெரியாதுங்க. ரயில்வேல ஏகப்பட்ட பேரை வீட்டுக்கு அனுப்பினவராம். அந்தச் சாதனைக்கு இன்னிக்கு டவுன்ல அவருக்கு விருது குடுக்கறாங்களாம்.”

கோட்டுக்காரர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார். கார்க் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“நான் யாருன்னு தெரியுமான்னு கேட்டீங்களே, இப்பச் சொல்லுங்களேன்!”