பியாலா நிறைய தேநீர்

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கடி!" அம்மா சனோபர் மூச்சிரைக்கச் சமையலறைக்குள் ஓடி வந்தாள். "ரெண்டு பொம்பளைங்க. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்காங்க. போய் முகத்தைக் கழுவு!"

கேரட் நறுக்கிக்கொண்டிருந்த மஃப்துனாவின் கை அப்படியே நின்றது.

"அவங்களே அப்படிச் சொன்னாங்களா?"

"எந்த ஊர்லடி சொல்லிட்டு வருவாங்க? 'உங்க பொண்ணைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சோம், நேர்ல பார்க்கலாம்னு வந்தோம்'னாங்க. வேற எதுக்கு வருவாங்க? ரொட்டிக் கடையிலகூட உன்னைப் பத்திக் கேட்டாங்களாம். பக்கத்து வீட்டு ஹோஸியத் அக்கா காலையிலேயே வந்து சொன்னா."

பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான். முதலில் தெருவில் விசாரிப்பார்கள். பிறகு வந்து உட்கார்ந்து ஊர்க் கதை பேசுவார்கள். வந்த காரியத்தை மட்டும் கடைசியில்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்.

மஃப்துனாவுக்குக் கல்யாணத்தைவிடப் போனைப் பற்றித்தான் பயம். போன மாதம் வாழ்க்கைப்பட்டுப் போன அவள் தோழி ஷஹ்லோவின் போனை, மாமியார் முதல் நாளே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டாள்.

மஃப்துனாவின் போனுக்குள் 'சமையலறை ஜன்னல்' இருந்தது. யார் எழுதுகிறார்கள் என்று யாருக்குமே தெரியாத ஒரு டெலிகிராம் சேனல். மின்வெட்டு, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, இழவு வீட்டில் செல்ஃபி எடுக்கிறவர்கள், நகரத் தலைவர் வெட்டிச் சாய்த்த சினார் மரங்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவள் எழுதினாள். ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அந்த ஜன்னலை யாராவது சாத்திவிட்டால் தனக்கு மூச்சு முட்டிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. எப்படியாவது இவர்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் போக வேண்டும்.

வந்தவர்கள் தரையில் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் பருத்த உடம்பு, சிரித்த முகம். இளையவள் மடியில் பெரிய கைப்பை. தன் போனை ரொட்டித் தட்டின் அருகே கவிழ்த்து வைத்திருந்தாள்.

மஃப்துனா பியாலாக் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள். அந்த ஊரில் கால் கிண்ணம் ஊற்றினால் மரியாதை. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

மூத்தவள் முகம் சுளிக்கவில்லை. "நல்ல தாகம் எனக்கு" என்று வாங்கி உறிஞ்சினாள்.

புலாவ் சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. "பொழுது எப்படிப் போகுது கண்ணு? ஊர் நிலவரம் பத்தியெல்லாம் என்ன நினைக்கிற?" என்றாள் மூத்தவள்.

அந்நியர் முன்னால் மஃப்துனா நாலு வார்த்தை பேசியதே இல்லை. ஆனால் வாயாடி மருமகளை எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? பெரிய மனுஷர் வர்றார்னு ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடிச்சாங்க. சுவருக்குப் பின்னால கணப்புக்குக் கேஸ் வராம நாங்க நடுங்கிட்டு இருந்தோம். நல்லவேளை, சுவருக்குக் குளிராது!"

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். மூத்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சுவருக்குக் குளிராதாம்! அப்புறம்?"

மஃப்துனாவுக்கு அழுகை வந்தது. என்ன பேசினாலும் இவர்களுக்குப் பிடிக்கிறதே!

"ரோட்டுல பள்ளத்தை மூட ஆள் இல்ல..."

"பள்ளத்துக்கு மேல கேமரா மாட்ட ஆள் இருக்கு" என்று இளையவள் முடித்தாள்.

போன வாரம் மஃப்துனா எழுதிய வரி அது. இவர்கள் ஜன்னலைப் படிக்கிறவர்கள்!

பயத்துக்கு நடுவிலேயே ஒரு வழியும் தெரிந்தது. படித்துச் சிரிப்பது வேறு, அதை எழுதுகிற பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போவது வேறு. எந்தக் குடும்பமும் அந்த வம்பை விலைக்கு வாங்காது.

"அதை எழுதுறது நான்தான்" என்றாள். "ஒண்ணு விடாம எல்லாம் நான் எழுதினதுதான். இப்படிப்பட்ட பொண்ணு உங்களுக்கு வேணுமா?"

அம்மாவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து சர்க்கரை விரிப்பெல்லாம் சிதறியது.

மூத்தவள் காலிப் பியாலாவை மெதுவாகக் கீழே வைத்தாள். "இந்தப் பொண்ணுதான் வேணும். நாலு மாசமா இவளைத்தான் தேடிட்டு இருக்கோம்."

மஃப்துனாவுக்கு ஷஹ்லோ நினைவுக்கு வந்தாள். எல்லாம் முடிந்தது. போன், பெட்டி, பூட்டு.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாம எழுதிட்டா. வாய்தான் நீளம், மனசு தங்கம். நீங்க சொன்னா அதையெல்லாம் விட்டுடுவா" என்று முகமெல்லாம் சிரிப்பாக நகர்ந்து உட்கார்ந்தாள். "சரி, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?"

இளையவள் தன் போனை எடுத்து நிமிர்த்தினாள். திரையில் ஒலிப்பதிவின் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டு நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து அரசாங்க முத்திரை குத்திய ஒரு தாளை எடுத்து விரித்தாள்.

மூத்தவள் அம்மாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"எந்த மாப்பிள்ளை?"